ரூட் 66: சாலையோர மதுக்கூடங்கள்

சிகாகோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைத்த ரூட் 66 நெடுஞ்சாலை 1926 நவம்பரில் பிறந்தபோது அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு நடப்பில் இருந்தது. 1933 வரை இவ்வழியில் மதுக்கடை என்றால் மறைவில் நடந்ததுதான். 'ஸ்பீக்ஈஸி' என்ற பெயருக்கே 'மெல்லப் பேசு' என்று பொருள். குரல் உயர்ந்தால் காவலர் வந்துவிடுவார். அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃபில் 1927இல் திறந்த மான்டே விஸ்டா ஹோட்டலின் கூடத்தில் அப்படித்தான் மது ஊற்றப்பட்டது. 1931இல் அதிகாரிகள் சோதனையிட்டு மூடினர்.

சிகாகோ ஆடம்ஸ் தெருவின் பெர்காஃப் உணவகம் போதையற்ற பீரையும் உணவையும் விற்றே அந்த ஆண்டுகளைக் கடந்தது. விலக்கு நீங்கியதும் நகரின் முதலாம் எண் மது உரிமம் அதற்கே கிடைத்தது. பொறுமைக்குத் தகுந்த பலன்.

எல்லா மாநிலங்களும் ஒன்றாகக் கதவைத் திறக்கவில்லை. கான்சாஸ் 1948 வரையும் ஓக்லஹோமா 1959 வரையும் விலக்கைக் கைவிடவில்லை. ஒரே சாலையில் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமும் மாறியது.

ஃபிளாக்ஸ்டாஃபின் 'மியூசியம் கிளப்' 1931இல் பாடம் செய்த விலங்குகளின் காட்சிக்கூடமாக எழுந்த மரக்கட்டைக் கட்டடம். 1936இல் மதுவும் நடனமும் கொண்ட கேளிக்கைக் கூடமாயிற்று. அதன் வாசல், கவைபிரிந்த ஒற்றைப் பைன் மரம். நடனத் தளத்தைச் சுற்றிலும் மேற்கூரையைத் தாங்கி நிற்பவை கிளைகளோடு கூடிய முழு மரங்கள்.