காத்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை

பிடித்த தொடர் மீண்டும் வருகிறது என்றால் ரசிகர்கள் மகிழத்தானே வேண்டும்? ‘டாக்டர் ஹூ’ ரசிகர்கள் பலர் முதலில் கவலைப்பட்டார்கள்.

காலப்பயணம் செய்யும் வேற்றுக்கிரகவாசியின் கதை இது. பிபிசியில் 1963ல் தொடங்கிய தொடர் 1989ல் நின்றது. 1996ல் ஒரே ஒரு தொலைக்காட்சிப் படம் வந்தது. பிறகு 2005 மார்ச் 26ஆம் தேதிதான் தொடர் திரும்பியது. நான் பிறந்ததும் அந்த ஆண்டுதான்!

நாயகனுடன் பயணம் செய்யும் ரோஸ் பாத்திரத்தில் பாப் பாடகி பில்லி பைப்பர் நடிக்கிறார் என்றதும் பழைய ரசிகர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். அவர் நடிப்பைப் பார்ப்பதற்கு முன்பே. ஆனால் முதல் அத்தியாயத்தை பிரிட்டனில் ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்தார்கள். கதை ரோஸின் கண்வழியே தொடங்குவதால், முன்கதை எதுவும் தெரியாத என்னைப் போன்றவர்களுக்கும் புரிகிறது. பழைய ரசிகர்களுக்காக மட்டும் எடுத்திருந்தால் நான் பத்து நிமிடத்தில் எழுந்து போயிருப்பேன்.

அதற்காக அவர்களைக் குறைசொல்லவும் மனம் வரவில்லை. தொடர் இல்லாத ஆண்டுகளில் அதை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவர்களே. நாவல்கள் எழுதினார்கள், ஒலி நாடகங்கள் தயாரித்தார்கள். தொடரை மீட்டுவந்த எழுத்தாளர் ரசல் டி டேவிஸும் அப்படியொரு நாவல் எழுதிய ரசிகர்தான். பால் கார்னல் 1995ல் எழுதிய நாவல், 2007ல் இரண்டு அத்தியாயங்களாகத் தொலைக்காட்சிக்கே வந்தது. அதில் நாயகனாக நடித்த டேவிட் டெனன்ட், சிறுவயதிலிருந்தே இத்தொடரின் ரசிகர்.

எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது என்று கேட்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது அந்த இரண்டு அத்தியாயங்களைத்தான்.