ஜீனோம் வேலைக்கு முன்பணம் எதற்கு?

மரபணுத் துறையில் வேலை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. அதில் சேர முன்பணம் கட்ட வேண்டுமா என்றால், ஒரு ரூபாய்கூட வேண்டாம். முதல் பதில் உண்மையாக இருப்பதை வைத்துத்தான் இரண்டாவதில் ஏமாற்றுகிறார்கள். கிளியனூர் திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் சாலையோரம் இருக்கும் ஊர். கிழக்கே போனால் மரக்காணம் உப்பளம். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் பாத்தியில் வேலை நின்றுவிடும். அந்த மாதங்களுக்கென்று மாநில அரசு உப்பளத் தொழிலாளருக்குத் தரும் நிவாரணம் 5,000 ரூபாய். இந்த வட்டாரத்தில் முதல் தலைமுறையாக பி.எஸ்சி. பயோடெக்னாலஜி முடித்த பெண்ணின் செல்போனில், ‘மூன்று மாதத்தில் ஜீனோமிக்ஸ் நிபுணர், நூறு சதவீத வேலை உறுதி’ என்று விளம்பரம் வந்து நிற்கிறது. கேட்கும் கட்டணமோ அந்த நிவாரணத்தைப் போலப் பல மடங்கு. விவரம் தெரியாமல் கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவது எளிது. விசாரிக்க ஆளில்லாமல் கட்டுகிறார்கள் என்பதே சரி. ஆய்வகத்தில் வேலை பார்க்கும் உறவுக்காரர் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு ஒரு போனில் தெரிந்துவிடும் சங்கதி, இவர்களுக்கு நகை அடகுக்குப் போன பிறகு தெரிகிறது. இந்தத் துறைக்குள் போகும் நேர்வழி பெரும்பாலும் அரசுச் செலவிலேயே திறந்திருக்கிறது. அந்த வழி தெரிந்துவிட்டால் பணம் கேட்கும் குறுக்குவழி தானாகவே சந்தேகத்துக்கு உள்ளாகும்.

வேலை என்ன என்பதை நெல்லை வைத்தே பார்த்துவிடலாம். சி.ஆர். 1009 நல்ல மகசூல் தரும் பழைய ரகம். ஆனால் பயிர் நாள்கணக்கில் நீரில் மூழ்கிக் கிடந்தால் தாங்காது. ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற நாட்டு நெல்லில், மூழ்கிய பயிரை இரண்டு வாரம் வரை காப்பாற்றும் சப்-1 என்ற மரபணு இருந்தது. கலப்பு செய்து, பிறகு தலைமுறைக்குத் தலைமுறை பழைய ரகத்தோடே திரும்பச் சேர்த்து, சப்-1 வந்திருக்கும் நாற்றை மட்டும் நிறுத்திக்கொண்டு மற்றதைக் கழித்துத்தான் சி.ஆர். 1009 சப்-1 உருவானது. (மரபணு மாற்றுப் பயிர் என்று சிலர் பயப்படுகிறார்கள், இது அதுவல்ல, நெல்லோடு நெல் சேர்ந்ததுதான்.) எந்த நாற்றில் சப்-1 இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குப் பெயர்தான் ஜீனோடைப்பிங். இலையைக் கிள்ளி, அரைத்து, டி.என்.ஏ. எடுத்து, 96 குழிகள் உள்ள தட்டில் குழிக்கு ஒரு நாற்று என்று மைக்ரோலிட்டர் கணக்கில் பிப்பெட்டால் விட வேண்டும்; பிசிஆர் இயந்திரத்தில் வைத்து எடுத்து, ஜெல்லில் ஓட்டி, பட்டை எங்கே விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஒரு குழி தள்ளி விட்டுவிட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் பெயர் மாறிப்போகும். கழிக்க வேண்டிய நாற்று வயலுக்குப் போய்விடும். உப்பு நிலத்துக்கும் இதே முறைதான்: கேரளத்தின் பொக்காளி நெல்லிலிருந்து ‘சால்டால்’ என்ற மரபணுப் பகுதியை மற்ற ரகங்களுக்குக் கொண்டுவருகிறார்கள். டி.எம்.வி. மல்லாட்டை (நிலக்கடலை) ரகங்களைத் தந்த திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் கிளியனூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மல்லாட்டையிலும் கிர்னார் 4, கிர்னார் 5 என்ற ரகங்கள் மரபணு அடையாளத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவைதான்.

மனித மரபணுப் பக்கம் வந்தால் பரப்பு இன்னும் பெரிது. 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்த மனித ஜீனோம் திட்டத்துக்குச் சுமார் 270 கோடி டாலர் செலவானது. இன்று ஒருவரின் முழு ஜீனோமை ஆயிரம் டாலருக்கும் குறைவாகப் படிக்க முடிகிறது. 2020-இல் தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டத்தில் பத்தாயிரம் இந்தியர்களின் ஜீனோம் படிக்கப்பட்டு, 2025 ஜனவரியில் அந்தத் தரவு ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கொரோனா காலத்தில், 2021 செப்டம்பரில், சென்னை தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் மாநில அரசே வைரஸ் மரபணுவை வரிசைப்படுத்தும் கூடத்தைத் தொடங்கியது. சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம், வேலூர் சி.எம்.சி., மதுரை அரவிந்த் கண் ஆராய்ச்சி மையம் ஆகிய இடங்களிலும் மரபணு வேலை நடக்கிறது. ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். அதனால் தடயவியல் ஆய்வகங்களின் தேவையும் கூடுகிறது. இதில் விளம்பரக்காரர்கள் சொல்லாமல் விடுவது ஒன்று உண்டு. இயந்திரம் மலிவானதால் பிப்பெட் பிடிக்கும் ஆட்களின் தேவை அதே வேகத்தில் ஏறவில்லை. திரவம் விடும் வேலையையே இயந்திரக் கை செய்யத் தொடங்கிவிட்டது. குவியும் தரவைப் படித்து, இந்த மாற்றம் நோய் தருமா தராதா என்று பிரித்துச் சொல்கிறவருக்குத்தான் தட்டுப்பாடு. அதற்குப் புள்ளியியல், கொஞ்சம் புரோகிராமிங், உயிரியல் மூன்றும் வேண்டும். மூன்று மாதத்தில் இந்த மூன்றும் வராது.

அப்படியானால் வழி? அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளப் படிப்புகளில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் பொறியியல் சேருகிறவர்களின் படிப்பு, விடுதிக் கட்டணத்தை அரசே ஏற்கிறது; பி.டெக். பயோடெக்னாலஜியும் அதில் அடக்கம். இளநிலை முடித்தவர்கள் ‘காட்-பி’ நுழைவுத் தேர்வு எழுதினால், மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை ஆதரிக்கும் முதுநிலைப் படிப்புகளில் மாத உதவித்தொகையோடு சேரலாம். அதற்கு மேலே நெட் அல்லது ‘பெட்’ தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகையை வென்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும். தரவு ஆய்வு கற்க சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியரின் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பாடம் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. பயிற்சி செய்து பார்க்கத் தரவும் இலவசம், ‘கேலக்ஸி’ போன்ற மென்பொருளும் இலவசம். பொதுத் தரவை எடுத்து ஒரு சின்ன ஆய்வை முழுதாகச் செய்து, செய்த முறையை எழுதிவைத்திருக்கும் மாணவியிடம் நேர்முகத் தேர்வில் கேட்கப் பத்துக் கேள்வி இருக்கும். தங்க முலாம் பூசிய சான்றிதழைக் காட்டுகிறவரிடம் கேட்க ஒன்றும் இருக்காது.

இத்தனை வருஷம் படிக்க எங்கள் வீட்டில் முடியாது, அதனால்தான் குறுகிய படிப்பு என்று ஒரு மறுப்பு வரும். நியாயமான மறுப்புதான். இன்னொன்றையும் சேர்த்தே சொல்லலாம்: ஜே.ஆர்.எஃப். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஆய்வகங்களில் இருப்பதில் பெரும்பகுதி ப்ராஜெக்ட் வேலை. திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். முதுநிலை முடித்தும் வேறு துறைக்குப் போனவர்கள் நிறையப் பேர். சீக்கிரம் சம்பளம் வேண்டும் என்ற கட்டாயம் உள்ளவர், ஜீனோமிக்ஸ் சான்றிதழ் வாங்குவதைவிட அங்கீகாரம் பெற்ற மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்வது நல்லது என்பேன். தாலுகா ஆஸ்பத்திரி வரை வேலை இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு பிசிஆர் ஆய்வகங்கள் மாவட்டந்தோறும் வந்துவிட்டதால், அங்கிருந்து மரபணுச் சோதனைக்கு ஏறிப்போகவும் முடியும். 2021-இன் துணைநிலைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் ஆய்வகத் தொழில்நுட்பரையும் மூலக்கூறு மரபியலாளரையும் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. அந்தப் பதிவு முறை இறுக இறுக, அங்கீகாரமில்லாத டிப்ளமோவின் மதிப்பு குறைந்துகொண்டேதான் போகும்.

தனியார் பயிற்சி எல்லாமே மோசடியா என்றால் இல்லை. சொந்த ஆய்வகம் வைத்து, கையில் பிப்பெட் கொடுத்துச் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள். வித்தியாசம் தெரிவது வேலை உறுதி என்ற வாக்கில். தவறான விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் பயிற்சி நிறுவனங்களுக்கு வெளியிட்ட நெறிமுறைகள், வேலை உத்தரவாதம், சம்பள உயர்வு என்ற பொய் வாக்குகளைத் தடை செய்கின்றன. தவறான விளம்பரத்துக்கு முதல் முறையிலேயே அந்த ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். அடுத்த அடையாளம், நியமனக் கடிதத்தின் பெயரில் வரும் தாள். பெரிய நிறுவனத்தின் முத்திரை இருக்கும், அனுப்பிய முகவரி சாதாரண ஜிமெயிலாக இருக்கும். ‘திருப்பித் தரப்படும் காப்புத்தொகை’, ‘ஆவணச் சரிபார்ப்புக் கட்டணம்’, ‘லேப்டாப் டெபாசிட்’ என்று ஏதாவது ஒரு பெயரில் தொகை இருக்கும். கட்ட வேண்டிய கணக்கோ தனி ஆளின் யு.பி.ஐ. எண். நிறுவனம் பதிவானதா என்று கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம்; ஆய்வகம் என்.ஏ.பி.எல். அங்கீகாரம் பெற்றதா என்று அதன் தளத்தில் தேடலாம். உண்மையான தொழிற்பழகுநர் பயிற்சியில் பணம் வரும் திசையே வேறு. 1961-இன் சட்டப்படி பழகுநருக்கு நிறுவனம்தான் உதவித்தொகை தர வேண்டும். வெளிநாட்டு ஆய்வக வேலை என்று வந்தால், பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்.

உண்மையான வேலை கிடைத்த பிறகும் கையெழுத்துப் போடும் இடத்தில் நிதானம் வேண்டும். பாண்டு பத்திரம் செல்லாது என்று பலர் நினைக்கிறார்கள். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், குறிப்பிட்ட காலத்துக்கு முன் வேலையை விட்டால் 2 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்றது உச்ச நீதிமன்றம். ஆகவே தொகையையும் காலத்தையும் படித்துவிட்டே கையெழுத்து. அசல் சான்றிதழைப் பிடித்துவைப்பது வேறு விஷயம்; கல்லூரிகள் அப்படிச் செய்யக்கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்துவிட்டது, வேலை தருகிறவரிடமும் நகலை மட்டும் கொடுப்பதே பாதுகாப்பு. இவற்றையெல்லாம்விடப் பெரிய ஆபத்து, மரபணு ஆய்வகத்துக்கே உரியது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994-இன் பி.சி.பி.என்.டி.டி. சட்டம், கருவின் மாதிரியைச் சோதிக்கும் மரபணு ஆய்வகம் கட்டாயம் பதிவு பெற வேண்டும் என்கிறது. மீறினால் முதல் முறையே மூன்றாண்டு வரை சிறை. உரிமையாளரோடு, அங்கே வேலை பார்த்துத் தொழில்நுட்பச் சேவை செய்தவரும் இந்தத் தண்டனைக்குள் வருவார். முதலாளி சொன்னார், செய்தேன் என்பது அங்கே எடுபடாது. பதிவுச் சான்றிதழை ஆய்வகத்தின் சுவரில் மாட்டியிருக்க வேண்டும். வேலையில் சேரும் முதல் நாளே அதைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

பயிற்சியில் ‘உங்கள் எச்சிலையே மாதிரியாக வைத்துக்கொள்ளலாம்’ என்பார்கள். டி.என்.ஏ. எடுத்துப் பழகக் கொடுப்பதில் தப்பில்லை. ஆனால் அதைப் படித்த தரவு யாரிடம் இருக்கும், எப்போது அழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தரவில் அண்ணன் தங்கையும் பெற்றோரும் இருக்கிறார்கள். அமெரிக்காவின் 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனமே திவால் மனு போட்டது. மரபணுவைக் காரணம் காட்டி வேலை மறுப்பதைத் தடுக்க அமெரிக்காவில் 2008-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையையும் அழிக்கச் சொல்லும் உரிமையையும் வகுத்திருக்கிறது என்றாலும், மரபணுத் தரவுக்கென்று தனிப் பாதுகாப்பு அதில் இல்லை.

சட்டம் இருந்து என்ன, ஸ்டேஷனுக்கு அலைய யாரால் முடியும் என்பது கடைசி மறுப்பு. அலையாமல் செய்யக்கூடியது இப்போது நிறைய இருக்கிறது. பணம் போனது தெரிந்த உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்தால், அது அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்த வாய்ப்பு உண்டு. மறுநாள் வரை யோசித்தால் அந்த வாய்ப்பு போய்விடும். வேலை தருவதாக ஏமாற்றிப் பணம் வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றம். ஸ்டேஷனில் புகாரை வாங்க மறுத்தால் அதையே தபாலில் மாவட்ட எஸ்.பி.க்கு அனுப்ப சட்டம் இடம் தருகிறது, அதற்கும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பயிற்சி நிறுவனம் டெல்லியிலோ பெங்களூருவிலோ இருந்தாலும், குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது விழுப்புரம் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பட்டம் தரும் கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருமா என்பதில் வழக்கு நீண்டுகொண்டிருக்கிறது. ஆனால் பயிற்சி மையங்கள் கல்வி நிறுவனக் கணக்கில் சேராது என்று தேசிய ஆணையம் 2020-லேயே சொல்லிவிட்டது. வழக்குக்கு இரண்டாண்டு கெடு. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், வாட்ஸ்அப் உரையாடல், யு.பி.ஐ. ரசீது மூன்றையும் அழிக்காமல் வைத்திருந்தால் போதும். வக்கீல் வேண்டுமென்றால், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பே பார்க்காமல் இலவசமாகத் தருகிறது மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. அதன் எண் 15100.