எஸ்.எம்.பி.எஸ். கருவிக்கு முத்திரை மட்டும் போதுமா?

புது தில்லி: தில்லி நேரு பிளேஸ் போன்ற கணினிச் சந்தைகளில் உதிரி பாகங்களை வாங்கிக் கணினி அமைத்துக்கொள்வோர், பிராசசருக்கும் நினைவகத்துக்கும் தாராளமாகச் செலவிடுகின்றனர். அவற்றுக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். கருவியில்தான் சிக்கனம் பார்க்கின்றனர். அதிகம் அறியப்படாத பெயர்களில் வரும் மலிவான கருவிகள் இதனாலேயே விலைபோகின்றன. தரமற்ற கருவி பழுதடைந்தால் மதர்போர்டு, ஹார்டு டிஸ்க் ஆகியவையும் சேதமடையக்கூடும்.

மின்னணுப் பொருள்களுக்கான கட்டாயப் பதிவு ஆணையை மத்திய அரசு 2012-ல் பிறப்பித்தது. தனியாக விற்கப்படும் எஸ்.எம்.பி.எஸ். கருவிகள் 2017-ல் இப்பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆய்வகச் சோதனைக்குப் பிறகு இந்திய தர நிர்ணய அமைவனத்தில் பதிவு செய்தால்தான் அவற்றை விற்க முடியும். கருவியில் உள்ள, 'ஆர்' என்ற எழுத்துடன் தொடங்கும் பதிவெண்ணை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

ஆனால், மின்அதிர்ச்சி, தீ விபத்து போன்ற ஆபத்துகளிலிருந்து பாதுகாப்பு உண்டா என்பதையே இப்பதிவு பார்க்கிறது. மின்னழுத்தம் சீராக இருக்குமா, கருவி எத்தனை ஆண்டுகள் உழைக்கும் என்பதை அது சொல்வதில்லை.

எனவே, வாங்குவோர் கவனிக்க வேண்டியது பக்கவாட்டில் ஒட்டப்பட்டுள்ள அட்டவணையை. கருவியின் பெயரில் உள்ள '450' என்ற எண் வாட் அளவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இன்றைய கணினிகள் பெரிதும் நம்பியிருப்பது 12 வோல்ட் இணைப்பை. அதற்கு நேராக 15 ஆம்பியர் என்றிருந்தால், அதில் கிடைப்பது 180 வாட் மட்டுமே.

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கப்பட்ட '80 பிளஸ்' சான்றிதழும் ஓர் அளவுகோல். 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் இருந்தால் இது வழங்கப்படுகிறது. முத்திரையை யாரும் அச்சிட்டுவிடலாம் என்பதால், சான்று பெற்ற மாடல்களின் பட்டியலில் பெயர் உள்ளதா என்று பார்ப்பது அவசியம். அச்சோதனை சுமார் 23 டிகிரி செல்சியஸ் அறை வெப்பத்தில் நடத்தப்படுவது. தில்லிக் கோடையோ 45 டிகிரியைத் தொடுவது.

தவறான விளம்பரம் செய்யும் உற்பத்தியாளருக்கு ரூ.10 லட்சம் வரை அபராதம் விதிக்க, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 வகை செய்கிறது. எனினும், வாட் அளவு பொய் என்பதை நிரூபிக்கும் சோதனைக் கருவி சாமானிய நுகர்வோரிடம் இல்லை. குளிர்பதனப் பெட்டிகளுக்கு நட்சத்திரக் குறியீட்டைக் கட்டாயமாக்கிய அரசு, எஸ்.எம்.பி.எஸ். கருவிகளின் உண்மைத் திறனையும் சோதித்து அறிவிக்கச் செய்தால் மட்டுமே பதிவு முத்திரை முழுப் பயன் தரும்.