ஆணுறை கிழிந்த பிறகு எழுபத்திரண்டு மணி நேரம்

எச்.ஐ.வி. உள்ள ஒருவருடன் பாதுகாப்பில்லாமல் ஒரே ஒருமுறை உறவு கொண்டாலும் தொற்று நிச்சயம் என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. சிகிச்சை எடுக்காத ஆணிடமிருந்து பெண்ணுக்கு, ஒருமுறை யோனிவழி உறவில் தொற்றும் வாய்ப்பு பத்தாயிரத்தில் 8. பெண்ணிடமிருந்து ஆணுக்கு அதில் பாதி, 4. குதவழி உறவில் உள்வாங்குபவருக்கு மட்டும் எண் எகிறுகிறது: பத்தாயிரத்தில் 138. நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி செவிலியரின் விரலில் குத்தினால் 23. இவையெல்லாம் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எடுத்த சராசரிகள்.

இந்த எண்கள்கூட, எதிரில் இருப்பவருக்கு எச்.ஐ.வி. இருப்பது உறுதி என்றால்தான். இந்தியாவில் வயது வந்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ இரண்டு பேருக்குத்தான் இந்தத் தொற்று இருக்கிறது. பாதிப்பு அதிகமுள்ள ஒரு பிரிவை எடுத்துக்கொண்டு, அதில் நூற்றில் இருவருக்குத் தொற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்தப் பிரிவைச் சேர்ந்த, நிலை தெரியாத ஒரு பெண்ணுடன் உறவின்போது ஆணுறை கிழிந்தால், ஆணுக்கான வாய்ப்பு, பத்தாயிரத்தில் நான்கை இரண்டு சதவீதத்தால் பெருக்கியது. ஒன்றேகால் லட்சத்தில் ஒன்று.

இதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகப் போர்த்திக்கொண்டு படுத்துவிடலாமா? கூடாது. சராசரி என்பது ஒரு தனி இரவைப் பற்றி எதுவும் சொல்லாது. இருவரில் ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண் இருந்தால் எண் ஏறும். எதிரில் இருப்பவர் சில வாரங்களுக்கு முன்புதான் தொற்றுக்கு ஆளானவர் என்றால், அப்போது அவர் ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும். எண் இன்னும் ஏறும். எதிர்த்திசையிலும் ஒரு காரணி உண்டு. ஒழுங்காக மாத்திரை எடுத்து, ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டவரிடமிருந்து உறவு மூலம் தொற்று பரவுவதில்லை. இந்த முடிவுக்கு வழிகாட்டிய பெரிய ஆய்வு 1,763 தம்பதிகளைப் பின்தொடர்ந்தது. ஒன்பது நாடுகளில் நடந்த அதில் சென்னையும் ஓர் இடம். 2011இல் வந்த முதல் முடிவிலேயே, உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைந்திருந்தது. ஆக, "எனக்கு எச்.ஐ.வி. இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன்" என்று வெளிப்படையாகச் சொல்பவர், "எனக்கு ஒண்ணுமில்ல" என்று பரிசோதனை செய்யாமலே சொல்பவரைவிடப் பாதுகாப்பானவராக இருக்கலாம்.

ஆணுறை ஏன் கிழிகிறது என்பதற்கும் இரண்டு வரி ஒதுக்க வேண்டும். ரப்பர்பாலில் செய்த ஆணுறைக்குத் தேங்காய் எண்ணெய் எமன். சில நிமிடங்களிலேயே அதன் வலு போய்விடும். வெயிலில் நிற்கும் லாரியின் டேஷ்போர்டிலும், மாதக்கணக்கில் பின் பாக்கெட் பர்ஸிலும் கிடந்தது உள்ளுக்குள் நைந்துபோயிருக்கும். கிழிந்த பிறகு டெட்டால் ஊற்றிக் கழுவுவதும், பெண்கள் உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கெடுதல்தான். மெல்லிய சவ்வு புண்பட்டு வைரஸுக்கு வழிதான் அகலும். வெளியே சோப்பும் தண்ணீரும் போதும்.

அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் உடம்புக்குள் நடப்பதுதான் இந்த விஷயத்தின் உண்மையான அதிசயம். வைரஸ் உள்ளே வந்ததும் ரத்தத்தில் பாய்ந்துவிடுவதில்லை. சவ்வைத் தாண்டி, அங்கே காவலிருக்கும் ஒரு சில வெள்ளணுக்களுக்குள் நுழைந்து, அந்த இடத்திலேயே சில நாட்கள் மெல்லப் பெருகி, பிறகுதான் பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்கும் அங்கிருந்து ரத்தத்துக்கும் போகிறது. வாசலைக் கடக்கும் வைரஸ்களில் மிகப் பெரும்பாலானவை அங்கேயே மடிகின்றன. 2008இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வில், புதிதாகத் தொற்றியவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு நோய் முழுவதும் ஒரே ஒரு வைரஸின் வம்சமாக இருந்தது தெரிந்தது. லட்சக்கணக்கில் வந்தவற்றில் ஒன்றே ஒன்று குடியேறி, வாழ்நாள் முழுக்கத் தங்கிவிடுகிறது.

அந்த ஒன்று குடியேற இரண்டு வேலைகளை முடிக்க வேண்டும். தன் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி எழுத வேண்டும். எழுதியதை நம் உயிரணுவின் டி.என்.ஏ.வுக்குள் ஒட்டிவிட வேண்டும். ஒட்டிவிட்டால் கதை முடிந்தது. அப்படி ஒட்டிய உயிரணுக்களில் சில ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். எந்த மருந்தும் அவற்றைத் துடைத்தெடுக்க முடியவில்லை. ஒட்டுவதற்கு முந்தைய அந்தச் சிறிய இடைவெளியில்தான் தொற்றைத் தடுக்கும் மாத்திரை உள்ளே புகுகிறது. இந்தியாவில் இன்று தரப்படும் மாத்திரை ஒன்றில் மூன்று மருந்துகள்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். முதல் இரண்டும் டி.என்.ஏ.வின் உதிரிபாகங்கள் போலவே வேஷம் போட்டுப் போய்ச் சங்கிலியில் மாட்டிக்கொள்ளும். ஆலைகள் நிறைந்த எங்கள் ஓசூர்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், ஒரு பக்கம் மரை இல்லாத போல்ட். அதற்கு மேல் அடுத்த பாகத்தை மாட்ட முடியாது, லைன் நின்றுவிடும். மூன்றாவது மருந்து, தப்பிப் போனவற்றை ஒட்டவிடாமல் தடுக்கும்.

இந்த மாத்திரையை எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும் என்பார்கள். இந்த எண்களுக்கு முக்கியமான ஆதாரம் குரங்குகள். டெனோஃபோவிர், பிராக் நகரத்தில் அந்தோனின் ஹோலி என்ற வேதியியலாளரின் கையில் பிறந்த மூலக்கூறு. அமெரிக்க ஆய்வாளர்கள் மக்காக் குரங்குகளின் ரத்தத்தில் எச்.ஐ.வி.யின் குரங்கு உறவான வைரஸைச் செலுத்தி, வெவ்வேறு நேரங்களில் இந்த மருந்தைத் தொடங்கிப் பார்த்தார்கள். 1998இல் முடிவு வெளிவந்தது. 24 மணி நேரத்தில் தொடங்கி 28 நாள் கொடுத்த குரங்குகள் அத்தனையும் தப்பின. அதே நேரத்தில் தொடங்கிப் பத்து நாளில் நிறுத்தியவற்றில் பாதிதான் தப்பின. மூன்றே நாளில் நிறுத்தியவற்றில் ஒன்றும் தப்பவில்லை. 48, 72 மணி நேரம் தள்ளித் தொடங்கியபோது பலன் குறைந்தது. மனிதர்களில் இப்படிச் சோதனை நடத்த எந்த மனசாட்சியும் இடம் தராது. ஊசி குத்திய மருத்துவ ஊழியர்களை ஒப்பிட்டு 1997இல் வந்த ஓர் ஆய்வு, பழைய மருந்தான ஜிடோவுடின் ஒன்றே ஆபத்தை 81 சதவீதம் குறைத்ததாகக் காட்டியது. மனிதர்களிடமிருந்து நமக்குக் கிடைத்த வலுவான சான்று அதுதான்.

கவனியுங்கள்: 72 என்பது கடைசி மணி. முதல் மாத்திரை இரண்டு மணி நேரத்துக்குள் போனால் உத்தமம் என்கிறது தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல். "திங்கட்கிழமை பார்த்துக்கலாம்" என்பதற்கான சலுகை அல்ல.

ஓசூரில் அந்தத் திங்கட்கிழமைதான் சிக்கலே. ஒரு காலத்தில் எய்ட்ஸ் விழிப்புணர்வு என்றாலே கர்நாடக எல்லையில் ஜூஜூவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் இடையே வரிசையில் நிற்கும் லாரி ஓட்டுநர்தான் சுவரொட்டியில் இருப்பார். 2017இல் ஜி.எஸ்.டி. வந்து விற்பனை வரிச் சோதனைச் சாவடிகள் போயின. இன்று இந்த ஊரின் ஜனத்தொகையைப் பெருக்கிக்கொண்டிருப்பவர்கள் சிப்காட் தொழிற்பேட்டையிலும் சுற்றியுள்ள மின்னணு ஆலைகளிலும் ஷிப்ட் பார்க்கும் இருபது வயதுக்காரர்கள். ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து விடுதியில் தங்குபவர்கள். சனிக்கிழமை இரவு ஒரு தவறு நடந்தால் ஞாயிறு வெளிநோயாளர் பிரிவு இல்லை, திங்கள் முதல் ஷிப்ட், லீவு கேட்டால் காரணம் சொல்ல வேண்டும், தமிழும் தெரியாது. மருந்தில்லாத நாற்பது மணி நேரம் இப்படியே கரைந்துவிடும்.

செய்யக்கூடியது இது. அரசு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவு ஞாயிறும் திறந்திருக்கும். ஊசி குத்திய ஊழியர்களுக்காகவும் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்காகவும் உருவானதுதான் இந்த மாத்திரை ஏற்பாடு என்பதால், "ஆணுறை கிழிந்தது" என்று வருபவரைப் பார்த்து எல்லா மருத்துவரும் உடனே சீட்டு எழுதிவிடுவார்கள் என்று சொல்ல மாட்டேன். மறுத்தால் தனியார் மருத்துவரிடம் போகலாம்; கையில் சீட்டு இருந்தால் கடையில் வாங்கக்கூடிய, இந்தியாவிலேயே தயாராகும் மருந்துதான். எங்கே போவதென்று தெரியாவிட்டால் 1097. கட்டணமில்லாத எண், பல மொழிகளில் பேசுவார்கள். பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' இருக்கிறது. உங்கள் சம்மதமில்லாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்வதையும், முடிவை வெளியே சொல்வதையும், அதைக் காரணம் காட்டி வேலையைவிட்டு அனுப்புவதையும் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் தடை செய்கிறது.

பெண்ணாக இருந்தால் கர்ப்பம் என்ற இன்னொரு கடிகாரமும் சேர்ந்து ஓடும். அவசர கருத்தடை மாத்திரைக்கு இந்தியாவில் மருந்துச் சீட்டு தேவையில்லை. ஆனால் தமிழ்நாட்டு மருந்துக் கடைகளில் கேட்டால் "ஸ்டாக் இல்லைங்க" என்ற பதில்தான் அதிகம் என்பது நெடுநாள் புகார். எல்லை தாண்டிக் கர்நாடகத்தில் கேட்டுப் பார்க்கலாம்; மாநில எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பதில் ஒரு லாபமாவது இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

முதல் மாத்திரைக்குப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அதன் பிறகு எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி, சிறுநீரகம் என்று ரத்தம் எடுப்பார்கள். பி வைரஸ் சோதனை சம்பிரதாயம் அல்ல. இந்த மாத்திரை அந்த வைரஸையும் அடக்கிவைக்கும். பி தொற்று இருப்பது தெரியாமல் 28ஆம் நாள் மருந்தை நிறுத்தினால் கல்லீரல் அழற்சி திடீரென்று கிளம்பலாம்.

தினமும் ஒன்று, ஏறக்குறைய ஒரே நேரத்தில். வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறுபவர் தூங்கும் நேரத்தையோ வேலைக்குக் கிளம்பும் நேரத்தையோ அடையாளமாக வைத்துக்கொண்டால் தவறிவிடும். இரவு எட்டு மணி என்று கடிகாரத்தில் ஒரு நேரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் சில நாள் குமட்டலும் தலைவலியும் தூக்கக் குறைவும் இருக்கலாம். அப்போதுதான் பலர் வயிற்றெரிச்சலுக்கு அமில முறி திரவத்தையோ, ரத்தசோகைக்குத் தந்த இரும்புச்சத்து மாத்திரையையோ சேர்த்து விழுங்கிவிடுகிறார்கள். அவற்றிலுள்ள உலோகங்கள் டோலுடெக்ராவிரைக் குடலிலேயே கட்டிப்போட்டுவிடும். இந்த மாத்திரையை அவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். அடுத்த சோதனைகள் ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம். அதுவரை புது ஆணுறைகள். தேங்காய் எண்ணெய் வேண்டாம்.