அந்தி வானும் நாரையின் உருவமும்

சிங்கப்பூரின் சுங்கை பூலோ சதுப்புநிலத்தில், நீர் வடிந்த சேற்றுத்திடலில், மாலைவேளையில் சாம்பல் நாரை ஒன்று இரைதேடி நிற்கிறது. அதன் பின்னே கதிரவன் இறங்குகிறான். இக்காட்சியைப் படமெடுப்போர் பலருக்குக் கிட்டுவது வெளுத்த வானமும் மங்கிய பறவையுமே. காரணம் யாது?

தாழ்ந்த கதிரவனின் ஒளி காற்று மண்டலத்தில் நெடுந்தொலைவு கடந்து வருகிறது. நீல ஒளி வழியிலேயே சிதறிவிடச் செவ்வொளியே மிஞ்சுகிறது. இருண்ட பறவைக்கு ஏற்ப ஒளியை அளந்தால் அச்செம்மை வெளுத்துவிடும். கதிரவனை அடுத்துள்ள வானுக்கு ஏற்ப அளந்தால் செம்மை நிலைக்கும், பறவையோ கருநிழலாகும்.

கருநிழலில் இறகின் நிறம் தெரியாது, உருவமே பேசும். ஆகவே, நாரை பக்கவாட்டில் திரும்பி, கழுத்தும் அலகும் ஒளிரும் வானிலோ நீரிலோ தனித்துத் தெரியும் கணத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். கண்டல் மரமோ மற்றொரு பறவையோ குறுக்கிட்டால் இரண்டும் ஒரே கருந்திரளாகிவிடும். நாரை நோக்கும் திசையில் சற்று வெற்றிடம் விடுதலும் நன்று.

நிலநடுக்கோட்டருகே கதிரவன் ஏறக்குறையச் செங்குத்தாக இறங்குவதால், தொடுவானைத் தொட்ட வட்டம் மறைய ஏறத்தாழ 2 நிமிடமே ஆகும். அவ்வவசரத்தில் அருகே ஓடினால் நாரை பறந்துவிடும்; அதன் இரையும் போய்விடும். பறவைக்கு இடையூறின்றி எடுத்த படமே நற்படம்.