ஆயில் சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

ஜீப் செரோக்கி என்ற பெயரில் அமெரிக்காவில் பல வண்டிகள் வந்திருக்கின்றன. நான் சொல்லப்போவது 1984 மாடல் முதல் 2001 மாடல் வரை வந்த, பெட்டி மாதிரி இருக்குமே, அந்தச் செரோக்கி. அதன் குறியீடு 'எக்ஸ்ஜே'. ஏஎம்சி கம்பெனி வடிவமைத்தது. 1987-ல் கிரைஸ்லர் அந்தக் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. அதே வருட மாடலில் வந்த 4.0 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் என்ஜின்தான் இந்த வண்டிக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 2 லட்சம் மைல் தாண்டியும் ஓடும்.

இன்று இவற்றில் கடைசியாக வந்த வண்டிக்கே 20 வயசுக்கு மேல் ஆகிவிட்டது. இந்த வயசில் ஒரு வண்டிக்கு என்ன ஆபத்து? ரிப்பேர் பில் வண்டியின் விலையைத் தாண்டிவிடும் என்று யாராவது சொன்னால் போதும், நேரே காயலான் கடைதான். அந்த பில் தப்பான கணிப்பில் போட்டதாகவும் இருக்கலாம். இந்த வண்டியின் வழக்கமான பழுதுகளை வரிசையாகப் பார்த்தால் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது: அறிகுறி ஓரிடத்தில், கோளாறு வேறிடத்தில்.

முதலில் ஆயில் ஒழுக்கு. என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் ஆயில் சொட்டும். குனிந்து பார்க்கிறவர் 'ரியர் மெயின் சீல் போச்சு' என்பார். கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில் இருக்கும் சீல் அது. அது நிஜமாகவே போவதும் உண்டு. ஆனால் என்ஜினின் உச்சியில் வால்வு கவர் கேஸ்கெட் இருக்கிறது. அதன் பின்பக்கம் கசிந்தால், ஆயில் என்ஜினின் முதுகு வழியாக வழிந்து அதே இடத்தில்தான் வந்து சொட்டும். ஆயில் ஃபில்டர் உட்காரும் அடாப்டரில் உள்ள ரப்பர் வளையங்கள் காய்ந்துபோனாலும், ஆயில் பிரஷர் சென்சார் கசிந்தாலும் இதே கதைதான். ஓடும்போது காற்று ஆயிலைப் பின்னாலேயே தள்ளும்.

என்ன செய்யலாம்? என்ஜினை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள். பிறகு டார்ச் அடித்து, ஈரம் இருக்கும் இடங்களில் எது உயரமானது என்று பாருங்கள். கசிவு அங்கேதான் தொடங்குகிறது. வால்வு கவர் கேஸ்கெட் மாற்றுவது ஒரு மதிய நேர வேலை. கடைசியில் ரியர் மெயின் சீல்தான் என்று தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். இந்த என்ஜினில் அந்த சீல் இரண்டு பாதிகளாக வருகிறது. ஆயில் பேனையும் கடைசி பேரிங் கேப்பையும் கழற்றி மாற்றிவிடலாம். கியர்பாக்ஸை இறக்க வேண்டியதில்லை. 'கியர்பாக்ஸ் இறக்கணும்' என்று யாராவது பில் போட்டால், ஏன் என்று கேளுங்கள்.

அடுத்தது, கேட்டாலே வயிற்றைக் கலக்கும் சமாச்சாரம். 50 மைல் வேகத்தில் போகும்போது ஒரு சின்னப் பள்ளத்தில் டயர் இறங்குகிறது. உடனே முன்பக்கம் முழுக்க வெறி பிடித்தது போல ஆடத் தொடங்குகிறது. ஸ்டியரிங் கையில் நிற்காது. 'டெத் வாபிள்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்தால்தான் நிற்கும்.

டயர் பேலன்ஸைச் சரிபார்ப்பார்கள். அதில் நிற்கவில்லை என்றால் ஸ்டியரிங்கில் உள்ள டாம்பரைப் புதிதாக மாற்றுவார்கள். ஆட்டம் அடங்கிவிடும், ஆனால் கொஞ்ச நாளைக்குத்தான். டாம்பர் நோயை மறைக்கும் மாத்திரை மாதிரி. இந்த வண்டியில் முன் ஆக்ஸில் ஒரே துண்டு. அது இடவலமாக நகராமல் பிடித்து வைப்பது 'டிராக் பார்' என்ற கம்பி. அதன் ஒரு முனை வண்டியின் உடலில், மறுமுனை ஆக்ஸிலில். உடல் பக்கத்து பால் ஜாயிண்டோ, ஆக்ஸில் பக்கத்து புஷ்ஷோ தேய்ந்தால், அல்லது போல்ட் ஓட்டை நீள்வட்டமாகிவிட்டால், ஆக்ஸில் பக்கவாட்டில் நழுவும். ஸ்டியரிங் பாக்ஸ் உடலோடு இருக்கிறது, ஆக்ஸில் மட்டும் நகர்கிறது. அதனால் யாரும் திருப்பாமலே சக்கரம் திரும்பும். அந்தத் திருப்பம் ஆக்ஸிலை மறுபக்கம் தள்ளும். இப்படி ஒன்றை ஒன்று தூண்டிக்கொண்டே போகும்.

கண்டுபிடிக்க இரண்டு பேர் போதும். வண்டியைத் தூக்கக் கூடாது, டயர் தரையில் பதிந்திருக்க வேண்டும். என்ஜினை ஓடவிட்டு, பார்க் போட்டு, ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஸ்டியரிங்கை லேசாக இடமும் வலமும் ஆட்ட, இன்னொருவர் டிராக் பாரின் இரு முனைகளையும் பார்க்க வேண்டும். முனையில் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் அதுதான் முதல் குற்றவாளி. டை ராட் முனைகளையும் கண்ட்ரோல் ஆர்ம் புஷ்களையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

மூன்றாவது, சூடானதும் அணையும் வண்டி. காலையில் ஜோராகக் கிளம்பும். ஒரு மணி நேரம் ஓடியபின் திடீரென்று அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். பெட்ரோல் பம்ப், இக்னிஷன் காயில், பேட்டரி என்று வரிசையாகப் புதிதாக வாங்கிப் போட்டவர்கள் உண்டு. பெரும்பாலும் காரணம் கிராங்க் ஷாஃப்ட் பொசிஷன் சென்சார். கியர்பாக்ஸின் முன்கூட்டில், கைக்கு எட்டாத ஒரு மூலையில், ஃப்ளைவீலின் பள்ளங்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சூட்டில் அது செத்தால் கம்ப்யூட்டருக்கு என்ஜின் சுற்றுவதே தெரியாது. ஸ்பார்க்கும் கிடையாது, பெட்ரோலும் கிடையாது. அதனால் அணைந்த அந்த நேரத்திலேயே ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஆறியபின் வொர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

இனி வெப்பம். இந்த என்ஜினின் தெர்மோஸ்டாட் 195 டிகிரி ஃபாரன்ஹீட்டில், அதாவது சுமார் 91 செல்சியஸில் திறக்கும். மீட்டர் முள் 210-ஐ ஒட்டி நிற்பது வழக்கம்தான். அதைத் தாண்டி ஏறினால் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். டிராஃபிக்கில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் காற்று போதவில்லை என்று பொருள்: ஃபேன் கிளட்ச், எலக்ட்ரிக் ஃபேன், அதன் ரிலே. நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போது ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: அடைத்த ரேடியேட்டர், தேய்ந்த வாட்டர் பம்ப், உள்ளே ஒட்டிக்கொள்ளும் கீழ் ஹோஸ். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிவது தீர்வு இல்லை. என்ஜின் சூடாகவில்லை என்று நினைத்துக் கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் அடங்கி இருக்கும் தண்ணீர் திறந்ததும் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.

கடைசியாக, நிஜமாகவே பயப்பட வேண்டிய ஒன்று. 2000, 2001 மாடல்களில் '0331' என்று வார்ப்பு எண் கொண்ட ஹெட் உண்டு. இதில் 3-ஆவது, 4-ஆவது சிலிண்டருக்கு இடையே விரிசல் விடுவது பலரும் அறிந்த குறை. கூலன்ட் வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் ஆயிலுக்குள் இறங்கும். ஆயிலோடு கூலன்ட் கலந்தால் பேரிங்குகள் போய்விடும், என்ஜினும் போய்விடும். இதிலும் தப்பாகக் கணிப்பதுண்டு. ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து அதை மட்டும் மாற்றி, விரிசல் விட்ட ஹெட்டையே திரும்ப மாட்டிவிடுவார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. குளிர் ஊர்களில் குட்டிக் குட்டி தூரம் மட்டும் ஓட்டினால், வெறும் ஈரத்தாலேயே ஆயில் மூடிக்கடியில் பால் மாதிரி படியும். அதைப் பார்த்துவிட்டு நல்ல ஹெட்டைத் தூக்கி எறிய வேண்டாம். கூலன்ட் அளவு குறைகிறதா என்று குறித்து வையுங்கள். குறைந்தால் வால்வு கவரைக் கழற்றி, கூலிங் சிஸ்டத்துக்கு அழுத்தம் கொடுத்து, அந்த இரண்டு சிலிண்டருக்கு நடுவே கசிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம்.

ஆக, கழுவு, துடை, பார், எப்போது வருகிறது என்று குறி. இவற்றுக்குப் பெரிய செலவு கிடையாது. பார்ட்ஸ் வாங்குவது அதற்கப்புறம். பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் ஒன்று: என்ஜினைப் பளபளவென்று கழுவி வைத்திருந்தால் உடனே மயங்கிவிடாதீர்கள். ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து குனிந்து பாருங்கள்.