தேயும் பிறை

மணிக்கட்டு வலித்தால் சுளுக்கு என்று தைலம் தேய்ப்பது வழக்கம். பெரும்பாலும் அது சுளுக்குதான். ஆனால் கைவேலை செய்யும் 20 முதல் 40 வயது ஆண்களுக்கு மணிக்கட்டின் நடுவே வலி மாதக்கணக்கில் நீடித்து, பிடியும் தளர்ந்தால் விஷயம் வேறாக இருக்கலாம். உள்ளே ஓர் எலும்பு செத்துக்கொண்டிருக்கலாம்.

மணிக்கட்டின் 8 சிற்றெலும்புகளில் நடுநாயகமாக இருப்பது லூனேட். பிறை வடிவம் என்பதால் அந்தப் பெயர். இது நலிந்து நொறுங்குவதை 1910இல் விரிவாக எழுதியவர் வியன்னாவின் எக்ஸ்ரே நிபுணர் ராபர்ட் கீன்பாக். நோய்க்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரத்த ஓட்டம் தடைப்படுவதே கோளாறு. ஏன் தடைப்படுகிறது?

முதல் துப்பு பக்கத்து எலும்பில் கிடைத்தது. முன்கையில் கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா. பலருக்கு இரண்டும் மணிக்கட்டில் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் முடியும்; சிலருக்கு அல்னா சில மில்லிமீட்டர் குட்டை. 1928இல் ஸ்வீடனைச் சேர்ந்த ஹுல்ட்டேன் எக்ஸ்ரே படங்களை ஒப்பிட்டார். நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு அல்னா குட்டை. மற்றவர்களில் நான்கில் ஒருவருக்குத்தான். அல்னா எட்டாதபோது ரேடியஸ் பக்கமே அதிகச் சுமை விழுகிறது, லூனேட் நசுங்குகிறது என்பது விளக்கம்.

கணக்கு அத்தனை எளிதல்ல. ஜப்பானில் நடந்தவை உட்படப் பிந்தைய ஆய்வுகள் சில இந்தத் தொடர்பை உறுதி செய்யவில்லை. குட்டை அல்னாவுடன் தொல்லையின்றி வாழ்பவர்களே அதிகம். அல்னா குட்டையில்லாதவர்களுக்கும் நோய் வருகிறது. லூனேட்டின் வடிவமும் ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு அது பக்கத்து ஹேமேட் எலும்போடும் கூடுதலாக ஒரு முகப்பில் பொருந்தும். அப்படிப்பட்டவர்களுக்கு நோய் வந்தாலும் எலும்பு பிளப்பது குறைவு என்று 2015இல் ஓர் ஆய்வு கூறியது. லூனேட்டுக்கு ஒரே ரத்தக்குழாயை நம்பியிருப்பவர்களும் உண்டு. வடிவம், சுமை, ரத்தவரத்து மூன்றும் சேரும்போதுதான் ஆபத்து என்பதே இன்றைய பொதுக் கருத்து.

ஆனாலும் வடிவத்தை அளப்பது வீண் வேலை அல்ல. அல்னா குட்டையாக இருந்து, எலும்பு நொறுங்குவதற்கு முன்பே நோய் தெரிந்தால், ரேடியஸை 2, 3 மில்லிமீட்டர் வெட்டிக் குறைத்து, பிளேட் வைத்து இணைக்கிறார்கள். சுமை இடம் மாறுகிறது. பலருக்கு வலி தணிகிறது. தாமதித்தால் மூட்டே தேய்ந்துவிடும். பிறகு எலும்புகளை அகற்றுவது அல்லது ஒன்றாக இணைத்துவிடுவது தவிர வழி குறைவு. கை பழையபடி மடங்காது.

சிக்கல் இதுதான்: ஆரம்பத்தில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். எனவே வாரக்கணக்கில் ஆறாத 'சுளுக்கு'க்குத் தைலம் போதாது. எலும்பு மருத்துவரைப் பார்ப்பதே கைக்கும் பிழைப்புக்கும் பாதுகாப்பு.